நாற்பத்தொன்றாம் காசின் குதிரை

மார்ச் 4

அண்ணிக்கு,

பெட்டி மூன்றும் நேற்று வந்து சேர்ந்தன. ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறைமேல் எண்ணும் எடையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது அவன் அறையிலிருந்து எனக்கு இவ்வளவு ஒழுங்காக எதுவும் வந்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருக்கின்றன.

நலம் விசாரிக்கவில்லை என்று குறைப்படாதீர்கள். விசாரித்தால் என்ன பதில் வரும் என்று தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் எழுதி முடித்துவிட்டுப் போன அகழாய்வுப் புத்தகத்தில் காசுகளின் அட்டவணையை மட்டும் சரிபார்த்துத் தரும்படி பதிப்பாசிரியர் கேட்டிருக்கிறார். ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. இருபத்திரண்டு வருடமாக அருங்காட்சியகத்தில் எனக்கு இதுதான் பிழைப்பு: ரோமானியர்களின் கடைசிக் காலத்து வெண்கலச் சில்லறை. சட்டைப் பொத்தான் அளவு, பாதி தேய்ந்தது, மீதி பச்சைக் களிம்பு. தங்கக் காசு பார்க்கும் மேல்மாடிக்காரர்கள் என்னைக் குப்பை பொறுக்குகிறவள் என்பார்கள். இருக்கட்டும்.

சிக்கல் நாற்பத்தொன்றாம் எண் காசில். அது எரிந்த வீட்டின் தரைக்கு அடியில் கிடைத்த முப்பது காசில் ஒன்று, மற்றவை எல்லாம் இன்னும் பழையவை. தரை எங்கும் உடைபடவில்லை. ஆகவே அந்தக் காசு அங்கே விழுந்த பிறகுதான் தரையைப் போட்டிருக்க முடியும். அண்ணன் அதை ரோமானிய அரசன் கான்ஸ்டான்டியஸின் காசு என்று எழுதியிருக்கிறான். ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம், குதிரையோடு விழுந்த எதிரியை ஈட்டியால் குத்தும் சிப்பாய். அந்த வகை கி.பி. 361-க்குப் பிறகு இல்லை. இதை வைத்துக்கொண்டு, வீடு கட்டப்பட்டதும் எரிந்ததும் அந்த அரசன் காலத்திலேயே, எதிரிப் படை வந்தபோது கொளுத்தியது என்று அறுபது பக்கம் எழுதியிருக்கிறான்.

என் கண்ணுக்கு அது குதிரை இல்லை. பெரிய உருவத்தின் பாதம் இரண்டும் வலது பக்கம் நடக்கின்றன. கீழே கிடப்பது இடது பக்கம். குதிரையைக் குத்துகிறவன் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா குத்துவான்? இது அடுத்து வந்த வகை. கைதியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசன் நடக்கிறான். 364-க்கு முன் அது கிடையாது. அப்படியானால் தரை போட்டதே அதற்குப் பிறகுதான். அண்ணனின் படை வந்து போய் ஊரே மறந்த பிறகு கட்டிய வீடு அது. அறுபது பக்கமும் போயிற்று.

இன்னொன்று. இந்தக் காசைச் சுத்தம் செய்தது யார்? எனக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 11

உனக்கு,

அவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. வீட்டில் அவருடைய செருப்பை இன்னும் எடுக்கவில்லை. உன்னிடமிருந்து முதல் கடிதம் வருகிறது. அதில் அறுபது பக்கமும் போயிற்று என்று இருக்கிறது.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? போன புத்தகத்தில் நன்றி சொன்ன இடத்தில் உன் பெயரை ஜீப் டிரைவரின் பெயருக்குக் கீழே போட்டார். அது தப்புதான். நானே கேட்டேன், "ஏங்க, ரெண்டு வருஷம் உக்காந்து காசு பாத்துக் குடுத்திருக்கா. அவ பேரை இப்படியா போடுறது?" என்று. "அவ என் தங்கச்சி, கோவிச்சுக்க மாட்டா" என்றார். நீ கோபித்துக்கொண்டாய். ஆறு வருடம் பேசவில்லை. உயிரோடு இருந்தவரிடம் காட்ட வேண்டிய கோபத்தை இப்போது புத்தகத்தில் காட்டுகிறாய். திருப்பிப் பேச அவர் வரமாட்டார் என்ற தைரியம்.

உன் படிப்பு எனக்கு இல்லை. நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறவள். கல்யாணமான வாரமே நீ யாரிடமோ சொன்னாய், "எங்க அண்ணன் பொய்ப்பல் செய்யிறவளக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். இத்தனை வருடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை, இன்று சொல்லிவிட்டேன்.

குதிரை இருக்கிறது. அவருடைய குறிப்பேட்டில் பெரிதாக வரைந்தே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அனுப்புகிறேன். மடங்கிய முன்னங்காலும் குளம்பும் தெரிகிறதா, இல்லை அதற்கும் நொட்டை சொல்வாயா?

சுத்தம் செய்தது எங்கள் வீட்டில்தான். அதற்கு மேல் உனக்குத் தெரிய வேண்டியதில்லை. அட்டவணையை அவர் எழுதியபடியே போடச் சொல். போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். பிறகு அதையும் ஆறு வருடம் வைத்திருப்பாய்.

அண்ணி

&nbsp;

மார்ச் 17

அண்ணிக்கு,

பொய்ப்பல் என்று சொன்னேன். மறுக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வாய்த்துடுக்கு அதிகம். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் அதைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம்.

குறிப்பேட்டுப் படத்தைக் காசுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். படத்தில் உள்ள கால் காசிலும் இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயிரத்து அறுநூறு வருடம் மண்ணில் கிடந்த காசுக்கு மேலே கரும்பச்சையாக ஒரு தோல் பிடித்திருக்கும். தலை, பாதம், ஆடை எல்லாவற்றிலும் அந்தத் தோல் இருக்கிறது. குதிரையின் காலைச் சுற்றி மட்டும் இல்லை. அங்கே செம்பு பளிச்சென்று தெரிகிறது. ஊசி போன தடம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கிறது. மேலே படிந்த களிம்பை எடுக்கிற சாக்கில் ஊசி உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறது. சுற்றிலும் தோண்டியதால் நடுவில் மிச்சம் நிற்பது கால் மாதிரி தெரிகிறது. கைதியின் முழங்காலைச் சீவிக் குதிரையின் காலாக ஆக்கியிருக்கிறார்கள். கைதேர்ந்த வேலை. நான் இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேர்த்தியான பொய்யைப் பார்த்ததில்லை.

படமும் அண்ணன் வரைந்தது இல்லை. அவன் பானை வரைந்தால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். யாரோ கைகாரனைப் பிடித்து வெட்டவும் வைத்து வரையவும் வைத்திருக்கிறான். அறுபது பக்கத்துக்கு ஒரு குதிரை தேவைப்பட்டது, செய்துகொண்டான். நான் என் அண்ணனைக் கஞ்சன், மறதிக்காரன், நன்றி கெட்டவன் என்று ஆயிரம் சொல்லியிருக்கிறேன். பொய்யன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டான்.

இந்தத் தொழிலில் ஒரு காசை வெட்டித் திருத்தியவன் பார்த்த மற்ற காசை யாரும் நம்பமாட்டார்கள். அவன் தோண்டிய குழியைக்கூட நம்பமாட்டார்கள். முப்பது வருட வேலையும் சந்தேகத்துக்குள் போய்விடும். தெரிந்தேதான் சொல்கிறேன். அட்டவணையில் "வேண்டுமென்றே திருத்தப்பட்ட காசு" என்று எழுதப் போகிறேன். என் பெயரில் போகும் அட்டவணையில் அந்தக் குதிரை நிற்காது.

அந்தக் கைகாரன் யார் என்று எழுதுங்கள்.

நாத்தனார்

&nbsp;

மார்ச் 24

நொட்டை,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார். இன்று எனக்கும் வேறு பெயர் வாயில் வரவில்லை.

கைகாரனைத் தேடாதே. வரைந்தது நான், ஊசி பிடித்ததும் நான். உன் அண்ணனுக்குக் கண் தெரியாது.

நான்கு வருடம். பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்து, மாதத்துக்கு மாதம் பெரிதானது. ஓரத்தில் எல்லாம் தெரியும். கதவு தெரியும், வாசலில் நிற்கிறவரின் முகம் தெரியாது. குழிக்குள் இறங்குவார், ஏறுவார், சுவரைக் கையால் தடவி உயரம் சொல்வார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் மூன்று பேர் பார்த்துவிட்டுத் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். துறைக்குத் தெரிந்தால் அடுத்த நாளே மேஜை வேலைக்கு மாற்றி, தளத்தை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். "புத்தகம் முடியுற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

தினமும் காலையில் நான் லேபுக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டு மேஜையில் மைக்ராஸ்கோப்பை வைத்து நான் பார்ப்பேன், அவர் எதிரே உட்கார்ந்து கேட்பார்.

"தலையில என்ன, முத்துப் பட்டையா, வெறும் பட்டையா?"

"முத்து."

"பின்பக்கம் எத்தனை பேரு?"

"ரெண்டு சிப்பாய். நடுவுல கொடி."

"ஒரு கொடியா, ரெண்டு கொடியா? நல்லாப் பாத்துச் சொல்லு, அஞ்சு வருஷம் முன்னப் பின்ன ஆயிரும்."

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு காசு. எட்டு மாதத்தில் அவர் கேட்கும் முன்பே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். எடை போட்டது, உறை செய்தது, எண் எழுதியது எல்லாம் இந்தக் கைதான். நீ புகழ்ந்த ஒழுங்கு என்னுடையது.

நாற்பத்தொன்றை எடுத்த அன்று, "கீழ ஏதோ கிடக்கு, களிம்பா இருக்கு" என்றேன். "குதிரையா இருக்கும். குதிரைன்னா முன்னங்கால் மடங்கி இருக்கும். கொஞ்சம் எடுத்துப் பாரு" என்றார். எடுத்தேன், இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன், இன்னும் நன்றாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

என் வேலை உனக்குத் தெரியும். பக்கத்துப் பல்லைப் பார்த்து, இல்லாத பல் எப்படி இருந்திருக்கும் என்று மெழுகில் கொண்டுவர வேண்டும். இருபத்தைந்து வருடம் அதற்குத்தான் சம்பளம். களிம்பை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. அந்தப் பாதம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகு, சுத்தம் செய்யும் முன் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம்தான் நடக்கிறது. நீ சொல்வதுதான் சரி. இதை எழுதும்போது எனக்கு வருவது வெட்கம் இல்லை, ஆத்திரம்.

ஏன் ஆத்திரம் என்று கேள். இரண்டு வருடத்துக்கு முன் உனக்கு ஒரு பார்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தரைக்கு அடியில் கிடைத்த முப்பது காசும் அதில் இருந்தன. நாற்பத்தொன்றும் இருந்தது, ஊசி படாமல், முழுக் களிம்போடு. மேலே ஒரு கடிதமும் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. நீ டேப்பைக்கூட வெட்டாமல், "பெறுநர் மறுத்துவிட்டார்" என்று திருப்பி அனுப்பினாய். அவர் அந்தப் பெட்டியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு அடுத்த வாரம்தான் நான் ஊசியை எடுத்தேன்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இப்போதாவது படி. பொய்யன் என்று எழுதினாயே, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 2

அண்ணி,

எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தைப் படித்தேன். "எனக்குக் கண் போய்விட்டது. உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. நொட்டை சொல்ல ஆள் இல்லாமல், எனக்கு வேண்டிய மாதிரியே எல்லாம் அமைந்துவிடுகிறது, பயமாக இருக்கிறது." பயமாக இருக்கிறது என்று அண்ணன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அந்தப் பார்சலைப் பார்த்ததும் நினைத்தது ஒன்றுதான்: மறுபடி ஓசியில் வேலை வாங்கப் பார்க்கிறான், மறுபடி டிரைவருக்குக் கீழே போடுவான். தபால்காரர் "வேணாம்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். சந்தோஷமாகப் போட்டேன். அன்று முழுக்க ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சமில்லை. பார்சல் திரும்பி வந்தால் என்ன? ஒரு போன் பண்ணி, "அவருக்குக் கண்ணு தெரியல, கிளம்பி வா" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் கட்டிய துணியோடு வந்திருப்பேன். சத்தியமாம். இரண்டு வருடம் அந்த மனிதனின் வீம்புக்கு நீங்கள் காவல் இருந்தீர்கள். நானும் என் வீம்புக்குக் காவல் இருந்தேன். நடுவில் ஒரு காசு கெட்டது.

இந்த வாரம் எல்லாக் காசையும் முதலிலிருந்து பார்த்தேன், அட்டவணையைப் பார்க்காமல். பிறகு ஒப்பிட்டேன். இருநூற்றொன்பது சரி. தப்பு மூன்றுதான்: நாற்பத்தொன்று, அதோடு நானே அரை நாள் முழித்த இன்னும் இரண்டு. என் முதல் வருடத்தில் நூறுக்கு இருபது தப்பு விட்டு ஏச்சு வாங்கினேன். இதை உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு எதிரே "தேய்ந்தது, அடையாளம் தெரியவில்லை" என்று எழுதிவிடலாம். இதைவிட நல்ல காசுகளுக்கே அப்படி எழுதியிருக்கிறேன், யாரும் திரும்பக் கேட்டதில்லை. அண்ணனின் அறுபது பக்கம் அப்படியே நிற்கும். கண் விஷயமும் ஊசி விஷயமும் நம் இருவரோடு போகும். இருபத்திரண்டு வருடத்தில் தெரிந்தே நான் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் செய்கிறேன்.

நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 9

நொட்டைக்கு,

தேய்ந்தது என்று எழுதுவாயாம். அது தேயவில்லை. நான் வெட்டினேன்.

எனக்கு இரக்கம் காட்டுகிறாயா? இருநூற்றொன்பது காசை நான் சரியாகப் பார்த்தேன் என்று நீயே எழுதுகிறாய். அவை அத்தனையும் அவர் பார்த்ததாக அச்சாகும். சரி என்று விட்டிருந்தேன், அவர் சொல்லிக்கொடுத்ததுதானே. இப்போது நான் கெடுத்த ஒன்றையும் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறாய். செய்ததும் என்னுடையது இல்லை, கெடுத்ததும் என்னுடையது இல்லை என்றால், நான்கு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது யார்? பேயா?

காசில் இருப்பதை எழுது. தரை எந்த வருடமோ அந்த வருடத்தைப் போடு. அறுபது பக்கம் போனால் போகட்டும். அவர் சொல்லச் சொல்ல அதை எழுதி, எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டியவளும் நான்தான். சொன்னவரைவிட எனக்குத்தான் அது மனப்பாடம். எனக்கு வலிக்காது என்று நினைக்காதே.

ஊசி பிடித்தது யார் என்று என் பெயரைப் போடு. முழுப் பெயர். என்ன வேலை பார்க்கிறவள் என்பதையும் போடு. மூடிவைத்து, நாளைக்கு உன்னை மாதிரி ஒருத்தி மைக்ராஸ்கோப்பில் அந்தத் தடத்தைப் பார்த்தால், நீ சொன்ன சொல்லைத்தானே சொல்லுவாள்? அப்போது பதில் சொல்ல நானும் இருக்கமாட்டேன்.

அதனால் அவருடைய கண்ணைப் பற்றியும் எழுது. சத்தியத்தை மீறுகிறேன். குருடர் என்று சொல்லட்டும், துறையை ஏமாற்றினார் என்று சொல்லட்டும், அதெல்லாம் உண்மை. காசை வெட்டினார் என்று சொல்லக்கூடாது. இதற்காக என்னைக் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். பதினோரு மாதமாக நான் அவர்மேல் கோபமாக இருக்கிறேன். புத்தகம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். சொல்ல வேண்டியதை என் தலையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

உன்மேல் உள்ள கோபம் போகவில்லை. போகும் என்று காத்திருக்காதே.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

அட்டவணை இன்று போய்விட்டது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர். முதலில் உங்கள் பெயர், அதற்கு அடுத்து என்னுடையது. அண்ணனின் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது, அவனுக்கு அது போதும். அந்த அறுபது பக்கம் உள்ள நான்காம் அத்தியாயத்தை எடுக்கவில்லை. அதில் காலம் பற்றிய முடிவு நிற்காது என்று முன்னால் ஒரு குறிப்பு வருகிறது, படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாற்பத்தொன்றுக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்.

"எண் 41. வெண்கலம். 17 மி.மீ. 2.1 கிராம். முன்பக்கம்: வலப்புறம் நோக்கிய தலை, முத்துப் பட்டை, எழுத்துகள் தேய்ந்தவை. பின்பக்கம்: அரசன் வலப்புறம் நடக்கிறான், பின்னால் கைதியை இழுக்கிறான். காலம்: 364 அல்லது அதற்குப் பின். எரிந்த வீட்டின் தரைக்கு அடியில் கிடைத்தது. பின்பக்கத்தில் இடப்புறக் கீழ்ப்பகுதி, ஊசியால் களிம்பு எடுக்கும்போது வெட்டுப்பட்டு, விழுந்த குதிரை போலத் தோன்றுகிறது. ஊசி பிடித்தவர் இந்த அட்டவணையின் முதல் ஆசிரியர். பல் கட்டும் தொழில்நுட்பர். அகழாய்வாளருக்கு அப்போது பார்வை இல்லை. தமக்குச் சொல்லப்பட்டதை நம்பி எழுதினார். வெட்டுப்படுவதற்கு முன் இந்தக் காசு இரண்டாம் ஆசிரியருக்கு அனுப்பப்பட்டது. அவர் பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்."

பதிப்பாசிரியர் போன் பண்ணினார். "கடைசி ரெண்டு வரிய எடுத்துரலாமே மேடம். அது காசப் பத்தினது இல்லையே" என்றார்.

காசைப் பற்றியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார்